ஜாங்கோவை நாலு பேரிடம் கொண்டுசேர்ப்பது எப்படி: ஸ்லைடை மூடுங்கள், அட்மினைத் திறங்கள்

ஒரு ஃபிரேம்வொர்க் (வலைத்தளம் கட்டத் தயாராகக் கிடைக்கும் கோட் தொகுப்பு) நமக்குப் பிடித்துப்போனால் மறுநாளே அதை ஊருக்கெல்லாம் சொல்லிவிடக் கை அரிக்கும். எனக்கும் அரித்தது. கோவையில் நான் அப்போது வேலை பார்த்த சின்ன அலுவலகத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் உட்காரவைத்து, பைதான் மொழியின் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவையும், அங்கே எல்லோரும் எழுதிக்கொண்டிருந்த பிஎச்பி மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாற்பது ஸ்லைடு ஓட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள், டீயும் வடையும் தீர்ந்தது, திங்கட்கிழமை வந்த புது ப்ராஜெக்டைப் பழைய பிஎச்பி ஃபோல்டரை காப்பி எடுத்துத்தான் தொடங்கினார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. அந்த ஃபோல்டர் அவர்களுக்குச் சோறு போடுகிறது, என் ஸ்லைடு போடவில்லை.

அதற்குப் பிறகு மூன்று அலுவலகம், சில கல்லூரி லேப் என்று சுற்றியதில் எது எடுபடுகிறது, எது எடுபடவில்லை என்று ஓரளவு பிடிபட்டிருக்கிறது. நீங்கள் லாராவெல், ரெயில்ஸ் என்று வேறு ஃபிரேம்வொர்க்கைத் தூக்கிக்கொண்டு திரிபவராக இருந்தாலும் இதில் பாதி உங்களுக்கும் பொருந்தும். நான் ஜாங்கோ ஆள், அதனால் உதாரணமெல்லாம் ஜாங்கோதான்.

முதலில், ஓடுகிற எதையும் தொடாதீர்கள்

"பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு இதில் திரும்ப எழுதுவோம்" என்று சொன்ன நிமிடமே நீங்கள் தோற்றீர்கள். ஜாங்கோவில் இன்ஸ்பெக்ட்டிபி என்று ஒரு கட்டளை இருக்கிறது, பல பேர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் டேட்டாபேஸை அது படித்து, ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு மாடலை (அந்த டேபிளை விவரிக்கும் பைதான் கோட்) தானே எழுதித் தரும். அந்த மாடல்களில் 'மேனேஜ்ட்' என்பதை ஃபால்ஸ் என்றே வைத்துத் தருவதால், டேபிள் அமைப்பில் ஜாங்கோ கைவைக்காது. அந்த மாடல்களை அட்மினில் (டேட்டாவைப் பார்க்கவும் திருத்தவும் ஜாங்கோவோடே வரும் திரை) பதிவு செய்தால் போதும், பத்து வருஷமாக ஓடும் பிஎச்பி அப்ளிகேஷனின் டேட்டாவை அன்று மத்தியானமே தேடலாம், வடிகட்டலாம், பக்கம் பக்கமாகப் புரட்டலாம். பழைய அப்ளிகேஷன் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இதை நேரடி டேட்டாபேஸில் செய்யாமல் ஒரு நகல் எடுத்து அதில் செய்யுங்கள். காரணம் இரண்டு. டேபிள்களை உருவாக்கும் மைக்ரேட் கட்டளையை அடித்ததும் யூசர், செஷன், பெர்மிஷன் என்று ஜாங்கோ தனக்கு வேண்டிய பத்து டேபிள்களை உள்ளே போடும். டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் திங்கட்கிழமை காலையில் அதைப் பார்த்தால் உங்கள் பிரசாரம் அங்கேயே முடிந்தது. இரண்டாவது, பழைய சர்வர்களில் இன்னமும் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸின் 5.7 வெளியீடு ஓடிக்கொண்டிருக்கும், ஜாங்கோ 4.2-லிருந்து அதற்கு ஆதரவு கிடையாது. நகலை 8-இல் ஏற்றிக்கொண்டால் அந்தத் தலைவலியும் இல்லை. பிரைமரி கீயே (ஒவ்வொரு வரிக்கும் உள்ள தனி அடையாளம்) இல்லாத டேபிள் ஒன்றிரண்டு கண்டிப்பாக இருக்கும், அவற்றை முதல் நாள் அப்படியே விட்டுவிடுங்கள். ஜாங்கோ அங்கே 'ஐடி' என்ற நெடுவரிசை இருப்பதாக நினைத்துக்கொண்டு தேடிப் போய் முட்டிக்கொள்ளும்.

இப்போது முக்கியமான கட்டம். இதை யாரிடம் காட்டுவது? புரோகிராமரிடம் இல்லை. நான் போன இடம் மில் உதிரிபாகம் விற்கும் ஒரு கம்பெனி. அங்கே ஸ்டோர் பார்க்கும் அக்கா ஒருவர், ஒரு பேரிங் எந்த பில்லில் வந்தது என்று தெரிய வேண்டுமென்றால் ஐடி ஆளுக்கு போன் போடுவார், அவர் கொயரி எழுதி எக்செல்லில் அனுப்புவார், அதற்குள் கஸ்டமர் போய்விடுவார். அந்த அக்காவுக்கு ஒரு லாகின் கொடுத்து, பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தேன் (பார்க்க மட்டும் என்கிற அனுமதி ஜாங்கோ 2.1-இல்தான் வந்தது, அதற்கு முன் இது ஒரு பெரிய குறை). தேடும் பெட்டியில் பார்ட் நம்பர் அடித்தார். வந்தது. திரும்ப வேறொன்று அடித்தார். அதுவும் வந்தது. "ஏனுங் தம்பி, இது நாளைக்கும் இருக்குமுங்களா?" என்று கேட்டார். என் நாற்பது ஸ்லைடுக்கும் சேர்த்து யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. மூன்றாம் நாள் அவரே முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

இது தற்செயல் இல்லை, அட்மின் பிறந்ததே இப்படித்தான். அமெரிக்காவில் கான்ஸஸ் மாநிலத்து லாரன்ஸ் என்கிற ஊரில், லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் என்ற பத்திரிகையின் இணையப் பிரிவில் 2003-இல் ஏட்ரியன் ஹொலோவாட்டியும் சைமன் வில்லிசனும் பைதானில் எழுதத் தொடங்கியதுதான் ஜாங்கோ. இன்று மத்தியானம் சொன்னால் சாயங்காலம் தளம் நிற்க வேண்டும் என்கிற பத்திரிகை ஆபீஸ் அவசரம். ஒரு பக்கம் இவர்கள் தளத்தைக் கட்டிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் செய்தி ஆட்கள் விஷயத்தை உள்ளே ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்காகத்தான் அந்த அட்மின் திரை. 2005 ஜூலையில், யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்கிற பிஎஸ்டி உரிமத்தில் வெளியே விட்டார்கள். பெயர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கிதார் கலைஞருடையது. ஆங்கில எழுத்தில் முன்னால் நிற்கும் 'டி'யையும் சேர்த்து 'டிஜாங்கோ' என்று யாராவது படித்தால் திருத்திக்கொண்டிருக்காதீர்கள், வேலை நிறைய இருக்கிறது.

காட்டுவதற்கு முன் கொஞ்சம் பவுடர் பூசுங்கள்

இன்ஸ்பெக்ட்டிபி தந்ததை அப்படியே காட்டினால் பட்டியலில் 'கஸ்டமர் ஆப்ஜெக்ட் (1)', 'கஸ்டமர் ஆப்ஜெக்ட் (2)' என்று வரிசையாக நிற்கும். ரேஷன் கடை க்யூ மாதிரி, யார் யார் என்றே தெரியாது. ஒவ்வொரு மாடலுக்கும் எஸ்டிஆர் மெத்தட் (பட்டியலில் எந்தப் பெயர் தெரிய வேண்டும் என்று சொல்வது) எழுதி பெயரைத் திருப்பிக் கொடுங்கள், லிஸ்ட் டிஸ்ப்ளேயில் (பட்டியலில் தெரிய வேண்டியவை) நாலு நெடுவரிசை, சர்ச் ஃபீல்ட்ஸில் (தேட வேண்டியவை) இரண்டு நெடுவரிசை போடுங்கள். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் காட்டியவர்கள் "ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை" என்று என்னிடம் வந்து புலம்பியிருக்கிறார்கள்.

தமிழில் தலைப்பு வைக்கலாம், வைக்க வேண்டும். ஆனால் வெர்போஸ் நேம் என்கிற தலைப்பு இடத்தில் 'வாடிக்கையாளர்' என்று மட்டும் போட்டுவிட்டுப் போனால், பன்மைக்கு என்று ஜாங்கோ அதன் வாலில் ஒரு ஆங்கில 'எஸ்' எழுத்தை ஒட்டிவிடும். முழுத் தமிழ்ச் சொல், கடைசியில் ஒற்றை ஆங்கில எழுத்து. பார்க்கவே சிரிப்பாக இருக்கும், ஆனால் பார்க்கிறவர் "இது அரைகுறை சாமான்" என்று முடிவு கட்டிவிடுவார். வெர்போஸ் நேம் ப்ளூரல் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதில் 'வாடிக்கையாளர்கள்' என்று போடுங்கள். செட்டிங்ஸில் மொழிக் குறியீட்டைத் தமிழுக்கு மாற்றினால் அட்மினின் பொத்தான்களும் தமிழுக்கு வரும், எல்லாம் வராது, ஊடே ஊடே ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் அசிங்கப்பட்ட ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். என் லேப்டாப்பில் ஜம்மென்று இருந்ததை சர்வரில் ஏற்றினேன், பாதுகாப்புக்காக டீபக்கை (பிழை விவரங்களைத் திரையில் காட்டும் அமைப்பு) அணைத்தேன், முதலாளியைக் கூட்டிவந்து திறந்தேன். நிறம் இல்லை, கட்டம் இல்லை, வெள்ளைப் பக்கத்தில் நீல லிங்குகள் மட்டும், 1996-இல் வந்த வெப்சைட் மாதிரி. டீபக் அணைந்ததும் ரன்சர்வர் (ஜாங்கோவோடு வரும் சோதனை சர்வர்) நிறம், கட்டம் எல்லாம் தரும் ஸ்டேட்டிக் ஃபைல்களைக் கொடுப்பதை நிறுத்திவிடும், கலெக்ட்ஸ்டேட்டிக் கட்டளை அடித்து அவற்றை ஒரே இடத்தில் சேர்த்து, என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரிடமோ வொயிட்நாய்ஸ் என்ற பைதான் பொட்டலத்திடமோ ஒப்படைக்க வேண்டும். ஜாங்கோவில் புதிதாக இறங்கும் எல்லோரும் ஒருமுறை இதில் விழுவார்கள். நீங்கள் முன்னதாகவே தனியாக விழுந்து எழுந்து கொள்ளுங்கள்.

முதலாளி கேட்கும் கேள்விகள்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். முதலாளி பார்ப்பார். பார்க்கத்தான் வேண்டும், அவர் பணம். "காசு இல்லாமல் கொடுக்கிறார்கள் என்றால் நாளைக்குக் கடையை மூடிவிட்டால்?" என்பார். அப்போது 'கம்யூனிட்டி', 'ஓப்பன் சோர்ஸ் தத்துவம்' என்றெல்லாம் பேசாமல் தேதி சொல்லுங்கள். ஏறத்தாழ எட்டு மாதத்துக்கு ஒரு புது வெளியீடு வரும், மூன்றுக்கு ஒன்று நீண்டகால ஆதரவு வெளியீடு, அதற்கு மூன்று வருஷம் பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. 5.2 அப்படிப்பட்டது, 2025 ஏப்ரலில் வந்தது, 2028 ஏப்ரல் வரை கவலை இல்லை. 2008-இலிருந்து ஜாங்கோ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்று லாப நோக்கமற்ற ஓர் அமைப்பு இதைத் தாங்குகிறது, பராமரிப்பு வேலைக்கென்றே அவர்கள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். பிஎஸ்டி உரிமம் என்பதால் நாம் எழுதும் நிரலை வெளியே காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. இன்ஸ்டாகிராம் ஜாங்கோவில் கட்டப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம், ஆனால் அதைக் கேட்டு மயங்குகிற முதலாளியை நான் இன்னும் பார்த்ததில்லை.

அவருடைய நிஜக் கேள்வி வேறு. "நீ போய்ட்டா யார் பார்ப்பா?" இதற்கு வாயால் பதில் கிடையாது. இரண்டாவது ஆளைத் தயார் செய்திருக்க வேண்டும். டெமோவை நீங்கள் செய்யாமல் அந்த இரண்டாவது ஆளைச் செய்யச் சொல்லுங்கள், நீங்கள் பின்னால் நாற்காலியில் உட்காருங்கள். அவர் தடுமாறினாலும் பரவாயில்லை, கேள்விக்குப் பதில் கண்ணெதிரே நிற்கிறது.

அப்புறம், வேண்டாம் என்றும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து பக்கத் தளம், வருஷத்துக்கு ஒருமுறை போன் நம்பர் மாறும், அதற்கு ஜாங்கோ எதற்கு? சாதாரண எச்டிஎம்எல் போதும் என்று சொல்லி அனுப்பினேன் ஒருவரை. ஆறு மாதம் கழித்து ஆர்டர் எடுக்கும் அப்ளிகேஷனுக்கு அவர்தான் தேடி வந்தார். வேகப் போட்டி அட்டவணைகளையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வெறும் வணக்கம் சொல்லும் பக்கத்தை வினாடிக்கு எத்தனை தரம் அனுப்புகிறது என்கிற பந்தயத்தில் ஜாங்கோ ஜெயிக்காது, உங்கள் கஸ்டமருக்கு அது தேவையும் இல்லை.

கல்லூரி லேபில் முதல் ஒரு மணி நேரம்

பிள்ளைகளிடம் போகும்போது விஷயம் வேறு. அவர்களுக்கு 'ஃபுல் ஸ்டாக்' (தளத்தின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் எழுதுவது) என்றாலே ஜாவாஸ்கிரிப்ட்தான், வேலை விளம்பரங்களும் அதைத்தான் கேட்கின்றன. அதை மட்டம் தட்டாதீர்கள். பைதானை ஏற்கெனவே பாடத்தில் படித்திருக்கிறார்கள், அதே பைதானில் ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு லாகினும் டேட்டாபேஸும் வைத்து ஒன்று கட்டலாம் என்று சொன்னால் போதும்.

லேபில் பட்டறையைக் கொல்வது ஜாங்கோ அல்ல, இன்ஸ்டலேஷன். அறுபது பேர் ஒரே வைஃபையில் ஒரே நேரத்தில் டவுன்லோட் செய்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். பென்டிரைவில் கொண்டுபோங்கள். பைதான் இன்ஸ்டாலர், அதோடு பிப் (பைதான் பொட்டலங்களை இறக்கி நிறுவும் கருவி) டவுன்லோட் கட்டளையால் இறக்கிய ஜாங்கோ பொட்டலங்கள். லேபில் நெட் இல்லாமலே அந்த ஃபோல்டரைக் காட்டி பிப் இன்ஸ்டால் செய்துவிடலாம். இதில் நான் மாட்டிய ஒரு பொறி: என் லேப்டாப் லினக்ஸ், அதில் இறக்கினேன், லேபில் எல்லாம் விண்டோஸ். ஜாங்கோவுக்கு விண்டோஸில் மட்டும் டிஇசட்டேட்டா என்று நேர மண்டல விவரம் அடங்கிய ஒரு கூடுதல் பொட்டலம் தேவை, லினக்ஸில் இறக்கும்போது அது கூட வராது. அறுபது கம்ப்யூட்டரிலும் ஒரே சிவப்பு எழுத்து. என் போனின் ஹாட்ஸ்பாட்டில் அந்த ஒரு ஃபைலை இறக்கி, நாலு பென்டிரைவில் போட்டு, வரிசை வரிசையாகக் கைமாற்றி முடிக்க நாற்பது நிமிடம் போனது. அன்று வந்தவர்களில் பாதிப் பேர் இடைவேளைக்குப் பிறகு திரும்பவில்லை. இறக்குவதை விண்டோஸ் இயந்திரத்திலேயே செய்யுங்கள், முந்தைய நாள் அந்த லேபிலேயே ஒரு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள்.

இன்னும் இரண்டு இடத்தில் எல்லோரும் நிற்பார்கள். பைதான் இன்ஸ்டாலரின் முதல் திரையில், கீழே, பாத்தில் (கட்டளைகளை விண்டோஸ் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதை டிக் செய்யாமல் தாண்டிவிட்டால் பைதான் என்று அடித்தாலும் அப்படி ஒன்று இல்லை என்றே விண்டோஸ் சாதிக்கும். அந்தத் திரையை ப்ரொஜெக்டரில் நிறுத்தி, எல்லோர் கையும் மவுஸிலிருந்து எடுபடும் வரை நகராதீர்கள். அடுத்தது, வர்ச்சுவல் என்விரான்மென்ட்டை (ஒரு ப்ராஜெக்டின் பொட்டலங்களைத் தனியாக வைக்கும் இடம்) ஆக்டிவேட் செய்யும்போது, விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல், ஸ்கிரிப்ட் ஓடத் தடை என்று சொல்லும். கல்லூரிக் கம்ப்யூட்டரின் பாலிசியோடு மல்லுக்கட்டாமல் பழைய கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறக்கச் சொல்லுங்கள், அதில் ஓடும். டேட்டாபேஸ் பிரச்சினை வராது, எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் பைதானோடே வருகிறது.

பட்டறையை எப்படி நடத்துவது என்பதற்கு ஜாங்கோ கேர்ள்ஸ்தான் என் வாத்தியார். 2014 ஜூலையில் பெர்லினில் நடந்த யூரோபைதான் மாநாட்டின்போது ஓலா சிடார்ஸ்கா, ஓலா செண்டெக்கா என்ற இருவர் பெண்களுக்கென்று நடத்திய ஒரு பட்டறை அது, அப்புறம் நாடு நாடாகப் பரவியது. அவர்கள் பாடம் இணையத்தில் இலவசம், நடத்துகிறவர்களுக்குத் தனிக் கையேடும் இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது இரண்டு. சின்னச் சின்னக் குழு, குழுவுக்கு ஒரு வழிகாட்டி, மேடைப் பேச்சு கிடையாது. இரண்டாவது, கட்டிய வலைப்பூவை பைதான்எனிவேர் என்ற ஹோஸ்டிங் தளத்தில் ஏற்றி, உலகமே பார்க்கும் ஒரு முகவரியோடு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த முகவரியை அம்மாவின் போனில் திறந்து காட்டிய பிள்ளை மறுவாரம் கேள்வியோடு வரும். வழிகாட்டிகளுக்கு ஆள் வேண்டுமென்றால் சென்னைபை மாதிரி பைதான் குழுக்களில் கேளுங்கள், கேட்டால் வருவார்கள். வந்தவர்களிடம் ஒரே ஒரு விதி: மாணவரின் கீபோர்டில் கைவைக்கக் கூடாது.

தமிழில் எழுதுபவர்களுக்கு

பதிவோ வீடியோவோ, எந்த வெளியீட்டுக்கு என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். இன்றைக்கும் பிள்ளைகள் பழைய வீடியோவைப் பார்த்து, தளத்தின் முகவரிகளை அமைக்கும் யூஆர்எல் ஃபங்ஷனை இம்போர்ட் செய்யப் பார்க்கிறார்கள், அது 4.0-இலேயே எடுக்கப்பட்டுவிட்டது, இப்போது அந்த வேலைக்கு பாத் அல்லது ரீபாத் என்ற ஃபங்ஷன். ஃபாரின் கீக்கு (ஒரு டேபிளை இன்னொன்றோடு இணைப்பது) ஆன்-டெலீட் (இணைந்த வரி அழிந்தால் என்ன செய்வது என்பது) கொடுத்தே ஆக வேண்டும் என்பது 2.0-இலிருந்து. "வீடியோவில் ஓடுகிறது, எனக்கு ஓடவில்லை" என்று ஒரு பிள்ளை நினைக்கும்போது தன்மேல்தான் சந்தேகப்படும், ஃபிரேம்வொர்க்மேல் இல்லை. அப்படியே விட்டுவிட்டுப் போய்விடும். உங்கள் பழைய பதிவுகளுக்கு மேலே ஒரு எச்சரிக்கை வரியாவது சேர்த்துவிடுங்கள்.

விளக்கத்தைத் தமிழில் எழுதுங்கள், பிழைச் செய்தியை மட்டும் திரையில் வருகிறபடியே ஆங்கிலத்தில் போடுங்கள். அந்த வரியை வைத்துத்தான் தேடி வருவார்கள். 'மைக்ரேஷன்' (டேபிள் அமைப்பில் செய்யும் மாற்றம்) என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் தேடி ஒரு வாரம் சண்டை போட்ட குழுவை எனக்குத் தெரியும், அந்த வாரத்தில் நாலு பாடம் எழுதியிருக்கலாம்.

மொழிபெயர்ப்பில் ஆசை உள்ளவர்களுக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது. முன்னே சொன்னேனே, அட்மினில் ஊடே ஊடே எட்டிப் பார்க்கும் ஆங்கிலம், அந்த வரிகளை ட்ரான்ஸிஃபெக்ஸ் தளத்தில் ஜாங்கோவின் தமிழ்க் குழுவில் சேர்ந்து யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம். ஜாங்கோவின் கோட் இருக்கும் கிட்ஹப்பில் நேரடியாகத் திருத்தி அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், வழி அதுவல்ல. கோட் எழுதத் தயங்கும் பிள்ளைகளுக்கு ஓப்பன் சோர்ஸில் முதல் அடி வைக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பட்டறைக்குப் பிறகு

ஒரு டெலிகிராம் குழு போதும். நிர்வாகத்துக்கு அதிகம் மெனக்கெடாதீர்கள். ஆனால் ஒன்று பழகிக்கொள்ளுங்கள், எனக்கே இது கஷ்டமாக இருந்தது: கேள்வி வந்ததும் பாய்ந்து பதில் சொல்லாமல் ஒரு மணி நேரம் பொறுங்கள். நீங்கள் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும் வரை அந்தக் குழுவில் ஜாங்கோ தெரிந்த ஆள் ஒருவர்தான்.

போன மாதம் இரவு பதினொன்றுக்கு ஒருவர் அட்மினில் நிறம் வரவில்லை என்று ஸ்க்ரீன்ஷாட் போட்டார். வெள்ளைப் பக்கம், நீல லிங்குகள், பார்த்ததுமே எனக்கு அந்த முதலாளியின் முகம் ஞாபகம் வந்தது. டைப் செய்யப்போன கையை இழுத்துக்கொண்டேன். இருபது நிமிடத்தில் திருப்பூர்ப் பிள்ளை ஒன்று, அந்த டிஇசட்டேட்டா நாளில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது, கலெக்ட்ஸ்டேட்டிக், வொயிட்நாய்ஸ் எல்லாம் படிப்படியாகச் சொல்லிவிட்டது. மிடில்வேர் (ஒவ்வொரு கோரிக்கையும் தாண்டிப் போகும் இடைப் பகுதிகள்) வரிசையில் மட்டும் ஒரு சின்னத் தப்பு: வொயிட்நாய்ஸை செக்யூரிட்டி மிடில்வேருக்கு அடுத்ததாக வைக்க வேண்டும், அது கடைசியில் வைக்கச் சொல்லியிருந்தது. அதைத் தனிச்செய்தியில் சொன்னேன். "ஓ, சாரிண்ணா" என்று குழுவில் அதுவே திருத்திப் போட்டது.